இருட்டுப் பொறுப்பாளர்

கெர்னோட் வீஷ்மான் பத்தொன்பது வருடம் போலீஸுக்குப் பயந்து படுக்கையறை அலமாரிக்குள் கஞ்சா வளர்த்தார். அந்தப் பத்தொன்பது வருடத்தில் ஒரு செடிகூட வாடவில்லை. பிறகு ஜெர்மனியில் சட்டம் மாறியது. ஊர்க்காரர்கள் கூடிச் சங்கம் வைத்து வளர்த்துக்கொள்ளலாம் என்றானது. செடிகளுக்குக் கெட்ட காலம் அன்றைக்குத்தான் தொடங்கியது.

கெர்னோட் நகராட்சிக் கண்ணாடிக்கூடத்தில் முப்பது வருடம் பூச்செடி வளர்த்து ஓய்வு பெற்றவர். தனக்கென்று ஒரு முறைகூடப் புகைத்ததில்லை. அலமாரிச் செடி அவர் மனைவி மார்லிஸுக்காக. அவளுக்கு நரம்பு நோய். சாயந்திரமானால் இரண்டு கால்களும் பிழிந்த துணி மாதிரி முறுக்கிக்கொள்ளும். அடக்கி வைத்த அழுகை பல்லிடுக்கில் கேட்கும். மருந்துக்கடையில் கொடுத்த எதற்கும் வலி அடங்கவில்லை. அடங்கியது இந்த ஒரு செடிக்குத்தான். அதற்கு லோட்டே என்று பெயர் வைத்திருந்தார்கள். லோட்டேயின் கிளையை ஒடித்து நட்டு, அது வளர்ந்ததும் அதன் கிளையை ஒடித்து நட்டு, பத்தொன்பது வருடமாக அதே உயிர் அந்த அலமாரிக்குள் ஓடிக்கொண்டிருந்தது. உலகத்தில் வேறெங்கும் அது இல்லை.

டோர்ன்பாக் ஊரில் மூன்று பேர் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தால் ஒருவர் தலைவர், ஒருவர் செயலாளர், மூன்றாமவர் அடுத்த தேர்தலுக்குக் காத்திருப்பவர். முயல் வளர்ப்போர் சங்கம் உண்டு, முயல் வளர்ப்பதை நிறுத்தியோர் சங்கமும் உண்டு. ஆகவே சட்டம் வந்த நாலாவது வாரமே கஞ்சா வளர்ப்போர் சங்கம் பதிவாகிவிட்டது. அறுபத்துநாலு பக்கத்தில் விதிகள். தலைவர் எக்பர்ட் க்ளூகே, நில அளவைத் துறையில் ஓய்வு பெற்றவர். நாற்பத்தெட்டு உறுப்பினர்களில் செடியைக் கண்ணால் பார்த்தவர் கெர்னோட் ஒருவர்தான். அவரையே வளர்ப்பாளராகப் போட்டார்கள். அதற்கு அவர் பதினேழாம் விதியில் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. உறுப்பினர் யாரும் வீட்டில் தனியாக வளர்க்கக் கூடாது. இருப்பதைச் சங்கத்தில் ஒப்படைக்க வேண்டும்.

"அலமாரியைக் காலி பண்றதா? உனக்கு மூளை கலங்கிடுச்சாய்யா?" என்றாள் மார்லிஸ்.

"இனிமே பயமே இல்ல மார்லிஸ். இங்க பாரு, முத்திரை போட்ட காகிதம்."

"ஒரு கிளையாவது ஒளிச்சு வையி."

"கையெழுத்துப் போட்டுட்டேனே."

"போலீஸ்காரன் வந்தா கதவைச் சாத்திக்கலாம். தலைவர்னு ஒருத்தன் வந்தா என்ன பண்ணுவே?"

கெர்னோட் சிரித்தார். கையெழுத்துப் போட்டால் போட்டதுதான் என்று நினைக்கிற ஊரில் பிறந்தவர். அடுத்த நாள் லோட்டேயைப் போர்வையில் சுற்றி, கைக்குழந்தையைக் கொண்டுபோகிற மாதிரி கொண்டுபோய்ச் சங்கத்தில் கொடுத்துவிட்டு வந்தார். வெள்ளரி ஊறுகாய் பாட்டில் நிறைய காய்ந்த பூ மார்லிஸிடம் மீதி இருந்தது. அடுத்த அறுவடை வரைக்கும் அது போதும் என்பது அவர் கணக்கு.

சங்கத்தின் இடம், ஊர் விடுதிக்குக் கீழே நிலவறையில், பந்தை உருட்டி ஒன்பது கட்டைகளைச் சாய்க்கிற பழைய ஆட்டத்தளம். பந்து உருட்டுகிற இரண்டு நீளப் பலகைப் பாதைகளின் மேல் தொட்டிகளை வரிசையாக வைத்து, கூரையிலிருந்து சங்கிலியில் விளக்குகளைத் தொங்கவிட்டார்கள். விளையாட்டுக் காலணி அடுக்கியிருந்த சின்ன அறையில் லோட்டே தன் பழைய அலமாரி விளக்கோடு குடியேறியது. அதிலிருந்து ஒடித்த கிளைகள்தான் நாற்பத்தெட்டுத் தொட்டியிலும் நின்றன. உறுப்பினருக்கு ஒன்று என்று கணக்காக இருக்க வேண்டுமாம்.

முதல் பொதுக்குழுவிலேயே கெர்னோட் ஒரு விஷயம் கற்றுக்கொண்டார். கூட்டம் நடக்கும்போது எல்லோரும் ஒருவரையொருவர் 'ஹெர்' போட்டு மரியாதையாகத்தான் கூப்பிட வேண்டும். பியர் குடிக்கிற இடைவேளையில் அதே ஆட்கள் தோளில் கை போட்டு நீ, நான், வாடா போடா. மணி அடித்தால் மறுபடி ஹெர் க்ளூகே, ஹெர் வீஷ்மான். இது விதியில் எழுதியிருந்தது, ஒன்பதாவது பக்கம்.

நிகழ்ச்சி நிரலில் நாலாவது விஷயம்: விளக்கை எத்தனை சதவீத வெளிச்சத்தில் எரியவிடுவது.

கெர்னோட் எழுந்தார். "செடிக்கு வெளிச்சம்தான் சாப்பாடு. பால் குடிக்கிற குழந்தைக்கு முதல் நாளே இறைச்சி வறுத்துப் போடுவோமா? நாப்பதுல ஆரம்பிப்போம். இலை கை கூப்பின மாதிரி நிமிர்ந்து நின்னா கொஞ்சம் ஏத்துவோம். ஓரம் மேல மடங்கினா தாங்கலன்னு அர்த்தம், இறக்குவோம். அவ்வளவுதாங்க."

தலைவர் க்ளூகே மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஹெர் வீஷ்மான், உங்க அனுபவத்தை மதிக்கிறோம். மதிச்சோம்னு குறிப்புலயும் ஏத்தியாச்சு. ஆனா இது நூறு சதவீதம் எரியற விளக்கு. நாப்பது எரிஞ்சா மீதி அறுபது யாரு பொறுப்புல இருக்கு? இலை மடங்குதுங்கறீங்க. எத்தனை பாகைல? நான் அளவைத் துறையில முப்பத்திநாலு வருஷம் இருந்தேன். அளக்க முடியாத எதையும் நான் பார்த்ததே இல்ல. பார்த்திருந்தாலும் ஒத்துக்கிட்டதில்ல."

கைதட்டல். வாக்கெடுப்பில் நூறுக்கு நாற்பத்தோரு ஓட்டு, நாற்பதுக்கு ஆறு. ஒருவர் கழிப்பறைக்குப் போயிருந்தார். பத்து நிமிட விவாதத்துக்குப் பிறகு அவர் நடுநிலை என்று முடிவானது. விளக்கின் திருகைக் கடைசி வரை திருப்பி, மேலே சங்க முத்திரை வைத்த தாளை ஒட்டினார்கள்.

ஐந்தே நாளில் இலையோரமெல்லாம் மேல்நோக்கி மடங்கி ஓடம் மாதிரி ஆனது. உச்சி இலைகள் வெளுத்தன. கெர்னோட் முத்திரைத் தாளை மறுபடி படித்தார். திருகைத்தான் தொடக் கூடாது, சங்கிலியைப் பற்றி எந்தத் தீர்மானமும் இல்லையே என்று யோசித்தார். தினம் ஒரு கண்ணி வீதம் விளக்கை மேலே தூக்கிக் கட்டினார். பதினோராவது கண்ணியில் செடிகள் மூச்சு விட்டன. இலைகள் மெல்ல விரிய ஆரம்பித்தன.

பதினொன்றையும் எண்ணியவர் ரூடிகர் ஹாம்பே. உள்ளூர் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். டிக்கெட் இருக்கிறது என்று சொன்ன எவரையும் முப்பது வருடம் நம்பாதவர். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்து, புகார் எழுதி, ஏணி வரவழைத்து விளக்கைப் பழைய உயரத்துக்கு இறக்கி, சங்கிலிக்கு ஈய முத்திரையும் குத்திவிட்டார். கெர்னோடுக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அதே வாரம் சங்கச் செய்திமடலில் வெளுத்த உச்சி இலையின் வண்ணப்படம்: 'டோர்ன்பாக் வெள்ளை, நம் சங்கத்தின் தனிப்பெரும் வகை!'

"அது வகை இல்ல ஹெர் க்ளூகே. வெந்துபோச்சு."

"பொறாமைப்படாதீங்க ஹெர் வீஷ்மான். உங்க அலமாரியில வெள்ளை வந்துதா?"

வரவில்லைதான். கெர்னோட் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

மார்லிஸின் பாட்டிலில் பூ பாதிக்கு இறங்கியிருந்தது.

அடுத்து வந்தது பூக்கும் பருவம். இதில்தான் மொத்த விஷயமும் இருக்கிறது. பூ வைக்கிற காலத்தில் இந்தச் செடிக்கு நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் கும்மிருட்டு வேண்டும். நடுவில் கொஞ்ச நேரம் வெளிச்சம் பட்டால்கூட மிரண்டுவிடும். தினம் தினம் மிரண்ட பெண் செடி, இனி பிழைக்க மாட்டோம் என்று பயந்து, தன் மேலேயே ஆண் பூவும் விட்டு அவசரமாக விதை கட்டப் பார்க்கும். விதை கட்டிய பூ மார்லிஸின் காலுக்கு உதவாது. அலமாரி நாட்களில் இருட்டு வேளையில் கெர்னோட் அந்தப் பக்கம் பெருமூச்சுகூட விட்டதில்லை.

இரவில் மின்சாரம் மலிவு. அதனால் இரவு எட்டிலிருந்து காலை எட்டு வரை விளக்கு, காலை எட்டிலிருந்து இரவு எட்டு வரை இருட்டு என்று திட்டத்தில் எழுதி மாவட்ட அலுவலகத்தில் முத்திரை வாங்கியிருந்தார் க்ளூகே. ஆக, செடிகளின் இரவு நம்முடைய பகல். மாவட்ட அலுவலகத்தின் வேலை நேரமும் அதே பகல்தான். முத்திரையோடு ஒரு நிபந்தனையும் சேர்ந்து வந்தது. 'இருட்டு முறையாகக் காக்கப்படுகிறது என்பதை நாள்தோறும் ஒரு பொறுப்பாளர் நேரில் உறுதி செய்து கையொப்பமிட வேண்டும்.'

ஹாம்பே ஏகமனதாக இருட்டுப் பொறுப்பாளர் ஆனார். சட்டையில் குத்திக்கொள்ள வில்லை கொடுத்தார்கள், கறுப்பு நிறத்தில்.

தினம் காலை பதினோரு மணிக்கு ஹாம்பே வருவார். கதவைத் திறப்பார். பொத்தானை அழுத்துவார். நாற்பத்தெட்டுச் செடியின் நடுத்தூக்கத்தில் வெள்ளை வெளிச்சம் பாயும். இரண்டு பாதைகளின் கடைசி வரை நடந்துபோய்ப் பார்த்து, பதிவேட்டில் 'இருட்டாக இருந்தது' என்று எழுதி, கையொப்பமிட்டு, முத்திரை குத்தி, மை காயும் வரை ஊதிவிட்டு விளக்கை அணைப்பார். மொத்தம் ஏழு நிமிடம்.

கெர்னோட் முதல் நாளே குறுக்கே போய் நின்றார். "ஹெர் ஹாம்பே, விளக்கைப் போட்டா இருட்டு எங்க இருக்கும்?"

"அதான் போடறதுக்கு முன்னாடியே எட்டிப் பார்க்கறேனே."

"முன்னாடி என்ன தெரியுது?"

"ஒண்ணும் தெரியல."

"அப்ப இருட்டுதானே! கதவைச் சாத்திட்டுப் போங்களேன்."

"ஒண்ணும் தெரியலங்கறது சாட்சி ஆகாது ஹெர் வீஷ்மான். கண்ணு போனவனுக்கும்தான் ஒண்ணும் தெரியாது. உள்ளே என்ன இருக்குன்னு பார்த்தாத்தான், அது இருட்டுல இருந்துச்சுன்னு என்னால எழுத முடியும்."

கெர்னோட் தலையில் அடித்துக்கொண்டார். பச்சை வெளிச்சம் இந்தச் செடியை அவ்வளவாகத் தொந்தரவு செய்யாது. அதனால் மங்கலான பச்சை விளக்கு ஒன்றைத் தன் கைக்காசில் வாங்கிக் கொண்டுவந்து கொடுத்தார். ஹாம்பே மூன்று நாள் அதைப் பயன்படுத்தினார். நாலாவது நாள் திருப்பிக் கொடுத்துவிட்டார். பச்சை வெளிச்சத்தில் நீல மை கறுப்பாகத் தெரிகிறதாம். அசல் கையொப்பம் நீலத்தில்தான் இருக்க வேண்டும். கறுப்பாக இருந்தால் நகல் என்று யாராவது சந்தேகப்படலாம்.

"வெளிய வந்து போடுங்களேன் கையெழுத்தை!"

"வெளியதான் இருட்டே இல்லையே. இல்லாத இடத்துல நின்னு இருக்குன்னு எப்படிக் கையெழுத்துப் போடறது? முப்பது வருஷ வேலையில ஒரு பொய்க் கையெழுத்து போட்டதில்ல நான்." அவர் கண் கலங்கிவிட்டது. நல்ல மனிதர்தான். அதுதான் இதில் கொடுமை. கெட்டவனாக இருந்திருந்தால் கெர்னோட் அவரை ஒரு அறையாவது விட்டிருக்கலாம்.

நேரத்தை மாற்றலாமே, பகலில் விளக்கு, இரவில் இருட்டு என்று கெர்னோட் மனுக் கொடுத்தார். திட்டத்தில் திருத்தம் என்றால் மூன்று மாதம் ஆகும், நேர்ப் பரிசோதனையும் உண்டு என்று பதில் வந்தது. திருத்தம் வருவதற்குள் பரிசோதனை வந்துவிட்டது.

பரிசோதிக்க வந்தவர் மாவட்ட அலுவலகத்தின் ஃப்ராவ் மெம்கே என்ற பெண் அதிகாரி. சிரித்த முகம், முதுகுப்பையில் சாப்பாட்டு டப்பா, கழுத்தில் ஒளிமானி. மத்தியானம் ஒரு மணிக்கு இருட்டறைக்குள் போனார். உள்ளேயிருந்து குரல் வந்தது.

"இருட்டை அளந்துட்டேன். மானியில என்ன காட்டுதுன்னு தெரியல, ஒரே இருட்டா இருக்கு. யாராவது விளக்கைப் போடுங்களேன்."

ஹாம்பே போட்டார். ஃப்ராவ் மெம்கே மானியைப் படித்தார். அவர் புருவம் உயர்ந்தது. மறுபடி படித்தார்.

"என்னங்க இது, கோடை வெயில்ல நிக்கற அளவுக்குக் காட்டுது! இதையா இருட்டுங்கறீங்க?"

"நீங்க விளக்கைப் போடச் சொன்னீங்க அம்மா," என்றார் கெர்னோட்.

"நான் அளவைத்தான் படிச்சேன் ஹெர் வீஷ்மான். காரணம் எல்லாம் என் படிவத்துல கிடையாது. காரணத்தைக் கேக்க ஆரம்பிச்சா நாங்க ஒரு பரிசோதனையைக்கூட முடிக்க முடியாது."

இருட்டின் தரம் போதவில்லை என்று அறிக்கை வந்தது. பரிகாரம்: இனி ஒரு நாளைக்கு இரண்டு முறை இருட்டைச் சரிபார்க்க வேண்டும். காலை பதினொன்று, மாலை நாலு.

மூன்றாவது வாரம் கெர்னோட் எதற்குப் பயந்தாரோ அதைப் பார்த்தார். பூக்களின் நடுவே, குட்டி வாழைப்பழம் மாதிரி மஞ்சளாக, ஆண் பூக்கள். முதலில் ஏழு செடியில். அந்த வார முடிவில் நாற்பத்தெட்டிலும். தொட்டுப் பார்த்தார், விரலில் மகரந்தம் ஒட்டியது. பத்தொன்பது வருடத்தில் லோட்டேயின் வம்சத்தில் ஒன்றுகூட இதைச் செய்ததில்லை. பந்துப் பாதையின் ஓரத்தில் உட்கார்ந்து வெகுநேரம் அந்த விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவசரப் பொதுக்குழு கூடியது. க்ளூகே எழுந்தார்.

"நம்ம விதி நாப்பத்திரண்டு, சங்கம் பெண் செடிகளை மட்டுமே வளர்க்கும்னு தெளிவா சொல்லுது. நாம விதியை மீறினது கிடையாது. ஆக இவை பெண் செடிகள். ஹெர் வீஷ்மான் வேற மாதிரி பார்த்ததாச் சொல்றார். ஒரு தனிநபர் பார்த்ததை வெச்சு நாப்பத்தெட்டுப் பேரோட சங்கம் தன்னை ஆண்னு ஒத்துக்க முடியுமா?"

"சங்கத்தைச் சொல்லலீங்க, செடியைச் சொல்றேன்! ஆண் பூ விட்டிருக்கு. இப்பவே அந்த விளக்கைப் போடறதை நிறுத்தினா, பூவைக் கையால கிள்ளினா, பாதியாவது மிஞ்சும்."

"வாக்கெடுப்புக்கு விடறேன்," என்றார் க்ளூகே.

செடிகள் பெண் செடிகளே என்று முப்பத்தெட்டுக்கு ஐந்து என்ற கணக்கில் பொதுக்குழு உறுதி செய்தது. இல்லாத பூவைக் கிள்ளுவதும் தடை செய்யப்பட்டது.

இடைவேளை மணி அடித்தது. க்ளூகே பியரோடு வந்து கெர்னோடின் தோளில் கை போட்டார்.

"டேய் கெர்னோட், மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்காதடா. எனக்குத் தெரியாதா? ஹாம்பே ஒரு மடையன். தூங்கற செடி மேல விளக்கைப் போட்டா மிரளும்னு எங்க வீட்டுப் பூனைக்குக்கூடத் தெரியும்."

"அப்ப உள்ளே அதைச் சொல்ல வேண்டியதுதானேடா!"

"உள்ளே நான் தலைவர். தலைவருக்கு எப்படி அது தெரியும்? எழுத்துல யாரும் கொடுக்கலியே. குடிடா."

கெர்னோட் அவர் கையைத் தோளிலிருந்து எடுத்துவிட்டார். பியரை அப்படியே வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தார். மார்லிஸ் நாற்காலியில் சாய்ந்து காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பாட்டிலில் இரண்டு விரல்கடை மீதி.

"பாதி பாதியா எடுத்துக்கறேன். வலி கொஞ்சம்தான் கூட," என்றாள். பிறகு, "லோட்டே நல்லாருக்கா?" என்று கேட்டாள்.

"நல்லாருக்கா. அவ ரூம்ல யாரும் விளக்கைப் போடறதில்ல."

அது உண்மை. காலணி அறையில் லோட்டே பச்சைப்பசேல் என்றுதான் நின்றது. அது ஒன்று மிஞ்சினால் போதும், மறுபடி ஆரம்பிக்கலாம் என்று கெர்னோட் தன்னைத் தேற்றிக்கொண்டார்.

டிசம்பரில் அறுவடைக்கு முன்பு ஃப்ராவ் மெம்கே வந்து, சோதனைக்குச் சில பூக்களை எடுத்துப் போனார். பூக்கள் தகுதியற்றவை என்று உத்தரவு வந்தது. முழுவதையும் அழிக்க வேண்டும். கடைசி வரியில், 'குறைபாட்டின் மூலமாகிய தாய்ச்செடி உட்பட'. தாய்ச்செடி என்றால் லோட்டே.

கெர்னோட் க்ளூகே வீட்டுக்கே ஓடினார்.

"தாய்ச்செடிலேர்ந்து ஒரே ஒரு கிளை, ஹெர் க்ளூகே. விரல் நீளம். நான் கொடுத்த செடி அது. என் பொண்டாட்டிக்கு வேற எதுவும் கேக்காது."

க்ளூகே வருத்தப்பட்டார். வருத்தமாகத்தான் விதிப்புத்தகத்தை எடுத்தார். "உறுப்பினருக்குக் கிளை கொடுத்தா அது விநியோகம். விநியோகக் குழு முதல் அறுவடைக்கு அப்புறம்தான் அமையும்."

"முதல் அறுவடையத்தான் அழிக்கப் போறீங்களே."

"அப்ப முதல் அறுவடை நடக்கல. குழுவும் அமையாது. பாருங்க, விதி எவ்வளவு தெளிவா இருக்கு."

அழிக்கும் நாளன்று உறுப்பினர்கள் குடும்பத்தோடு வந்தார்கள். உருளைக்கிழங்கு சாலட்டும் சுட்ட இறைச்சியும் ஏற்பாடாகியிருந்தது. கிளை அரைக்கும் இயந்திரத்தை இயக்கப் பாதுகாப்புப் பயிற்சி பெற்றவர் சங்கத்தில் ஒருவரே, அது கெர்னோட். எனவே அவர்தான் அதை ஓட்ட வேண்டும். நாற்பத்தெட்டுச் செடியையும் ஒவ்வொன்றாக அதன் வாயில் கொடுத்தார். வந்த தூளைப் பூனைக் கழிவு மணலோடு கலந்து மூட்டை கட்டினார்கள். கடைசியில் ஹாம்பே காலணி அறையிலிருந்து லோட்டேயைத் தூக்கி வந்தார், தொட்டியில் கரண்டி அளவு தண்ணீர்கூட ஊற்றியிருந்தார். கெர்னோட் அதையும் கொடுத்தார். இயந்திரத்தின் சத்தம் ஒரு நொடி கூடிக் குறைந்தது. யாரோ கைதட்டினார்கள்.

ஃப்ராவ் மெம்கேயின் படிவத்தில் பூ, இலை, தண்டு, வேர் என்று நாலு கட்டம். எடை போட்டு எழுதி முடித்தார்.

"விதை?" என்று கேட்டார் கெர்னோட்.

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். பலகைப் பாதை நெடுக, செடிகளைத் தூக்கியபோது உதிர்ந்த விதைகள் பழுப்பாகப் பளபளத்துக்கொண்டு கிடந்தன.

"விதைக்குக் கட்டமே இல்லையே," என்றார் ஃப்ராவ் மெம்கே.

"எப்படி இருக்கும்?" என்றார் க்ளூகே. "எல்லாம் பெண் செடிங்கன்னு பொதுக்குழுத் தீர்மானம் இருக்கு. ஆண் பூ இல்லாம விதை ஏது?"

"கீழ கிடக்கே, ஹெர் க்ளூகே. கால்ல மிதிச்சுக்கிட்டு நிக்கறீங்க."

க்ளூகே ஷூவைத் தூக்கிப் பார்த்தார். மறுபடி கீழே வைத்தார். "கீழ கிடக்கறது குப்பை. பெருக்குங்க, ஹெர் வீஷ்மான்."

கெர்னோட் பெருக்கினார். அந்தப் பாதையில் அவ்வளவு சுத்தமாக யாரும் பெருக்கியிருக்க மாட்டார்கள். பலகை இடுக்கிலிருந்ததைக்கூட நகத்தால் நோண்டி எடுத்தார். உணவு மேசைப் பக்கம் எல்லோரும் திரும்பியதும் முறத்திலிருந்ததைத் தொப்பிக்குள் கவிழ்த்து, தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

"தாயும் லோட்டேயோட பிள்ளைங்களே, தகப்பனும் அதுங்களே," என்று விதைகளை மார்லிஸின் மடியில் கொட்டினார். "லோட்டேயோட ரத்தம்தான். ஆனா பயந்து பிறந்ததுங்க. லேசா மிரண்டாலும் அவ பிள்ளைங்க பண்ணினதையே பண்ணும். இருட்டு நேரத்துல கதவைத் தொடவே கூடாது."

"கையெழுத்துப் போட்டியே, அது?"

"விதையே இல்லன்னு சங்கமே தீர்மானம் போட்டாச்சு. இல்லாததை எப்படிடி ஒப்படைக்கறது?"

அலமாரி மறுபடி நிறைந்தது. மூன்று செடி. கெர்னோட் விளக்கை இலையின் முகம் பார்த்து ஏற்றினார், இலையின் முகம் பார்த்து இறக்கினார். ஏப்ரலில் மூன்றும் பூவுக்கு வந்தன. மத்தியானம் பன்னிரண்டிலிருந்து நள்ளிரவு வரை இருட்டு. அதற்குள் மார்லிஸின் பாட்டில் காலியாகிவிட்டது. வலி வந்தால் அவள் அலமாரிக் கதவையே பார்த்துக்கொண்டிருப்பாள். பல்லைக் கடித்துக்கொண்டு சத்தமில்லாமல் எண்ணுவாள். ஒரு நாள்கூட அவள் அதைத் திறக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, காபியும் பிளம் கேக்கும் சாப்பிடுகிற மூன்று மணிக்கு அழைப்பு மணி அடித்தது. க்ளூகே பூந்தொட்டியோடு நின்றார். பின்னால் ஹாம்பே, கையில் பதிவேடு, நெற்றியில் கட்டிய விளக்கு.

"சங்கத்தோட முதலாண்டு நற்சேவைச் சான்றிதழ் உங்களுக்குத்தான், ஹெர் வீஷ்மான்!" என்றபடி க்ளூகே கையைக் குலுக்கிக்கொண்டே உள்ளே வந்துவிட்டார். "அப்படியே பதினேழாம் விதிப்படி, வீட்டுல யாரும் வளர்க்கலியேன்னு வருடாந்தரச் சரிபார்ப்பு. சும்மா ஒரு சம்பிரதாயம். ரெண்டு பேர் இருந்தா அமர்வு செல்லும். எழுதிக்குங்க ஹெர் ஹாம்பே, அமர்வு மூணு மணி நாலு நிமிஷத்துக்குத் தொடக்கம்."

திறந்திருந்த படுக்கையறைக் கதவு வழியாக அலமாரி தெரிந்தது. மார்லிஸ் தன் நாற்காலியை அதன் கதவோடு ஒட்டிப் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"அதுல என்ன இருக்கு, ஃப்ராவ் வீஷ்மான்?"

"இருட்டு," என்றாள் மார்லிஸ்.

ஹாம்பேயின் முகம் மலர்ந்தது. கை தானாக நெற்றி விளக்குக்குப் போனது. "எப்பலேர்ந்துங்க?"

"பன்னெண்டு மணிலேர்ந்து."

"யார் பார்த்தது?"

"யாரும் பார்க்கல. அதனாலதான் இருட்டா இருக்கு."

ஹாம்பே தவித்துப்போனார். சரிபார்க்காத இருட்டு ஒன்று தன் எதிரில் இருக்கிறது என்பதை அவரால் தாங்க முடியவில்லை. ஓர் அடி முன்னால் வைத்தார். மார்லிஸ் ஊன்றுகோலைக் குறுக்கே நீட்டினாள். மருந்து தீர்ந்ததிலிருந்து வலி மத்தியானமே வந்துவிடுகிறது; கால்கள் முறுக்கிக்கொண்டிருந்தன.

கெர்னோட் அந்தக் கால்களைப் பார்த்தார். அறுபத்தொரு வருடம் வரிசையில் நின்ற மனிதருக்குள் ஏதோ ஒன்று அறுந்தது.

"டேய் எக்பர்ட்," என்றார்.

க்ளூகே திடுக்கிட்டார். "ஹெர் வீஷ்மான், அமர்வு நடந்துட்டிருக்கு."

"உன் அமர்வுல தீ வைக்க. பத்தொன்பது வருஷம் நான் கண்ணுல வெச்சு வளர்த்ததை என் கையாலயே அரைக்க வெச்சுட்டு, சாலட் தின்னுட்டுப் போனீங்களேடா. இருட்டு இருக்கான்னு பார்க்க விளக்கோட வர்ற கூட்டம் நீங்க. உங்களைப் பார்த்தா வாந்தி வருது. இந்தா, உன் நிலவறைச் சாவி. வெளிய போ."

சாவியைப் பூந்தொட்டி மண்ணில் அழுத்திச் செருகித் தொட்டியைத் திரும்ப அவர் கையில் திணித்து, சட்டையைப் பிடித்து வாசல் வரை தள்ளிக்கொண்டு போனார். ஹாம்பே பின்னாலேயே எழுதிக்கொண்டு ஓடினார்.

"ஹெர் வீஷ்மான், 'வெளிய போ'ன்னே எழுதட்டுமா, இல்ல 'விடைபெறுமாறு கேட்டுக்கொண்டார்'னு எழுதட்டுமா?"

"எதை வேணா எழுது. நீல மையில எழுது." கதவை அறைந்து சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். படிக்கட்டில், அமர்வு முடிந்த நேரத்தை எதிலிருந்து கணக்கிடுவது என்று இருவரும் பேசிக்கொண்டே இறங்குவது கேட்டது.

கெர்னோட் மூச்சு வாங்கப் படுக்கையறைக்கு வந்தார். கழுவிக் கவிழ்த்த வெள்ளரி பாட்டில் அலமாரியின் மேல் இருந்தது.

"இவ்வளவு கத்தினியே, மிரண்டிருக்குமாய்யா?" என்றாள் மார்லிஸ்.

"சத்தத்துக்கு மிரளாது. வெளிச்சத்துக்குத்தான்."

"நிச்சயமா?"

அவர் கை அலமாரிக் கதவுப்பிடி வரைக்கும் போனது. மார்லிஸ் அதைப் பார்த்தாள். அவரும் பார்த்தார். கையை எடுத்து அவள் கால்மாட்டில் தரையில் உட்கார்ந்து, முறுக்கிக்கொண்டிருந்த கெண்டைக்காலைப் பிடித்துவிட ஆரம்பித்தார். அறுவடைக்கு இன்னும் ஆறு வாரம் இருந்தது. இருவரும் திறந்து பார்க்கவில்லை.